லைன் எங்கே நிற்கிறது?

கல்யாண வீடியோ எடுப்பவருக்கு மண்டபத்திலேயே சாப்பாடு கிடைத்துவிடும். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறினால் பதினோரு மணிக்குள் வீடு. அவர் எடுத்து வந்ததை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுக்கும் எடிட்டருக்கு வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம். அந்த எடிட்டரை மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால், பெண்ணின் அத்தை பெயர் முதல் எந்தச் சித்தப்பா யாருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது வரை அவருக்குத் தெரியும்.

மறைமலை நகரில் அப்படி ஓர் எடிட்டர் இருக்கிறார். வயது 31. தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர், குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே எடிட் செய்கிறார். கூடுவாஞ்சேரி, தாம்பரம், செங்கல்பட்டு என்று மூன்று ஊர் ஸ்டுடியோக்கள் வேலை தருகின்றன. ஹார்ட் டிஸ்க் மின்சார ரயிலில் வரும், ரயிலிலேயே திரும்பிப் போகும். கணவருக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் நான்காவது ஆள் மாமனார்.

மாமனாருக்கு 57 வயது. கார் உதிரி பாகம் செய்யும் ஓர் ஆலையில் 22 வருடம் லைனில் நின்றவர். ஊரின் பெரிய அடையாளமாக இருந்த ஃபோர்டு ஆலை, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் இங்கே கடைசி கார் வெளியே வந்தது. அதை நம்பியிருந்த சின்ன ஆலைகள் பலவற்றில் ஆள் குறைந்தது. மாமனார் கையில் ஒரு செட்டில்மென்ட் தொகையோடு வீட்டுக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் போனது போக, வங்கியில் இரண்டு லட்சம் மிச்சம். வீட்டில் இருக்கும் ஒரே கெட்டிப் பணம் அதுதான்.

அந்தப் பணத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் கைவைக்கப் பார்த்தது.

2024-ன் தொடக்கத்தில், வேலை தரும் ஸ்டுடியோக்களில் ஒன்று புதுக் கேமரா வாங்கியது. படம் அவ்வளவு அழகு. அரக்குப் பட்டு அரக்காகவே தெரிந்தது. பழைய கேமராவில் அது சில வெளிச்சத்தில் சேறு மாதிரி இருக்கும். ஆனால், அந்தக் கோப்புகளை எடிட்டிங் மென்பொருளில் போட்டு ஓட்டினால் படம் நகரவில்லை. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பி நிற்கும். சத்தம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். மூன்று நொடி கழித்து ஒரு குதி. தாலி கட்டும் இடத்தில் எந்த ஃபிரேமில் வெட்டுவது என்று பார்க்க முடியாமல், பத்து நாள் வேலை மூன்று வாரம் ஆனது.

ஸ்டுடியோக்காரர் தன்மையாகத்தான் சொன்னார். "மேடம், ஆவணி சீசனுக்குள்ள சிஸ்டத்தை மாத்திடுங்க. இல்லன்னா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டி வரும்."

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்ததில் ஒரு கடை கொட்டேஷன் எழுதிக் கொடுத்தது. மொத்தம் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். அதில் கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் எழுபதாயிரத்துக்குப் பக்கம். "எடிட்டிங்னா கார்டுதாங்க எல்லாமே" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. விளையாட்டுக்குக் கம்ப்யூட்டர் கேட்டு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது சரியான பதில்தான். வீடியோ எடிட்டர் மீதமுள்ள அந்த ஒருவர்.

இரவுச் சாப்பாட்டில் அந்தத் தாள் நடுவில் கிடந்தது. "என் வளையலை வெச்சுப் பாதி, மாமா கிட்ட பாதி" என்று மருமகள் கணக்கே போட்டுவிட்டார். மாமனார் தாளைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, லைன் எந்த ஸ்டேஷன்ல நிக்குது?"

கம்ப்யூட்டர் தெரியாதவர் கேட்கும் கேள்வி மாதிரி அது தெரியலாம். அசெம்பிளி லைனில் நின்றவர்களுக்கு அது முதல் பாடம். பத்து ஸ்டேஷன் இருக்கும் லைனில் ஏழாவது ஸ்டேஷனில் தேங்கினால், மூன்றாவது ஸ்டேஷனில் புது மெஷினைக் கொண்டுவந்து வைத்துப் பலனில்லை. தேங்கும் குவியல்தான் இன்னும் பெரிதாகும். எலியாஹு கோல்ட்ராட் என்பவர் இந்த ஒரு விஷயத்தை வைத்து 1984-ல் 'தி கோல்' என்று ஒரு தொழிற்சாலை நாவலே எழுதினார். உலகமெங்கும் நிர்வாகம் படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். மாமனார் படித்ததில்லை. அவர் ஏழாவது ஸ்டேஷனில் நின்றவர்.

"தெரியலையே மாமா" என்றார் மருமகள். "அப்ப முதல்ல அதைப் பாரு. கடைக்கு அப்புறம் போலாம்."

பார்ப்பதற்கு விண்டோஸில் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் பிராசஸர், ரேம், டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று கோடு ஓடும். மேக்கில் அதற்கு 'ஆக்டிவிட்டி மானிட்டர்'. மாமனார் பழைய ஷிஃப்ட் நோட்டு ஒன்றை எடுத்து, கட்டம் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். புதுக் கேமராவின் கோப்பை ஓடவிட்டதும் எழுதினார்: பிராசஸர் 100. டிஸ்க் 8. கிராஃபிக்ஸ் கார்டு 6.

"இந்தக் கார்டுதானே எழுபதாயிரம் போட்டு மாத்தச் சொன்னான்? இது சும்மா நின்னு வேடிக்கை பார்க்குதேம்மா!"

ஏன் அப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நம் ஊர் வீடியோ பெரும்பாலும் நொடிக்கு 25 ஃபிரேம். அதாவது, ஒவ்வொரு 40 மில்லி நொடிக்கும் ஒரு படம் தயாராகி வெளியே வந்தாக வேண்டும். அது தவறினால் திரையில் குதிக்கும். லைனில் 'ஒரு நிமிடத்துக்கு ஒரு வண்டி' என்பது போலத்தான் இதுவும்.

அந்தப் படம் கோப்புக்குள் முழுதாக உட்கார்ந்திருப்பதில்லை. ஆலையின் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளலாம். முதல் தேதி எல்லார் பெயரையும் எழுதுகிறார்கள். இரண்டாம் தேதி 'நேற்று வந்தவர்களே, ராத்திரி ஷிஃப்டில் மட்டும் இருவர் லீவு' என்று எழுதிவிடுகிறார்கள். இடம் மிச்சம்தான். ஆனால் பதினைந்தாம் தேதி யார் வந்தார் என்று கேட்டால், முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். எச்.264, எச்.265 என்ற முறைகள் செய்வது இதைத்தான். கேமராவுக்கு இது வசதி. எடிட்டருக்கு வேதனை. அவர் பதினைந்தாம் தேதியிலிருந்து எட்டாம் தேதிக்குத் தாவுவார், திரும்ப இருபதுக்கு ஓடுவார்.

இந்தக் கூட்டல் கழித்தலை வேகமாகச் செய்யவென்றே சிப்புக்குள் ஒரு சின்னத் தனி ஸ்டேஷன் உண்டு. பழைய கேமராவின் கோப்புகளை அவருடைய பழைய கார்டில் இருந்த ஸ்டேஷன் திறந்துகொண்டிருந்தது. புதுக் கேமராவின் கோப்பு 10-பிட், 4:2:2 என்ற வகை. 8-பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10-பிட்டில் 1,024. சாதாரண 4:2:0 வகையில் நிறத் தகவலில் கால் பங்குதான் மிஞ்சும். 4:2:2-ல் பாதி மிஞ்சும். அரக்கு அரக்காகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால், இந்த வகை எச்.265 கோப்பைத் திறக்கும் ஸ்டேஷன் அந்தக் கார்டில் இல்லை. கொட்டேஷனில் இருந்த எழுபதாயிரம் ரூபாய்க் கார்டிலும் இல்லை! என்விடியா ஆர்.டி.எக்ஸ். கார்டுகளில் 2025-ல் வந்த 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. அதேசமயம், இன்டெல் பிராசஸர்களில் 11-ஆம் தலைமுறையிலிருந்து கூடவே வரும் சாதாரண கிராஃபிக்ஸிலேயே அது உண்டு. விளையாட்டுக்காரர்கள் ஏளனமாகப் பார்க்கும் பாகம் அது.

ஒரே ஓர் எழுத்தில் இது தவறிப்போகும். இன்டெல் பிராசஸர் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால், உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்பதால் கடைகளில் அதிகம் நகர்வது அதுதான். தனிக் கார்டு போடப் போகிறவருக்கு எதற்கு இன்னொன்று என்பது கடைக்காரரின் நியாயம். அந்தக் கொட்டேஷனிலும் 'எஃப்' இருந்தது. ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும், நாதஸ்வரக்காரரின் கன்னம் அப்படியே உப்பி நின்றிருக்கும்.

கையில் இருப்பது என்ன வகைக் கோப்பு என்று தெரிந்துகொள்ள 'மீடியாஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பை அதில் இழுத்துப் போட்டால் எச்.264-ஆ 265-ஆ, 8-பிட்டா 10-பிட்டா, 4:2:0-வா 4:2:2-வா என்று எல்லாம் சொல்லும். புது மெஷின் வாங்க நினைக்கும் எவரும் கடைக்குப் போகும் முன் இதைச் செய்துவிட்டு, அந்தக் குறிப்போடு போகலாம். எச்.264-ல் பதிவான 10-பிட் 4:2:2 கோப்பை இன்டெல்லின் அந்த ஸ்டேஷனும் திறக்காது. அதனால் கேமராக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள், வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். அவர் பெயர் தாங்கிய ஊரில், ஒரு மாமனாரும் மருமகளும் இரவு பன்னிரண்டு மணிக்கு 'டீகோட்', 'டிஸ்க்', 'ப்ராக்ஸி' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். அடிகள் மன்னிக்க வேண்டும்.

அந்த ப்ராக்ஸிதான் முதல் வாரத்தைக் காப்பாற்றியது, ஒரு பைசா செலவில்லாமல்.

ப்ராக்ஸி என்றால் பதிலி. பெரிய கோப்பு ஒவ்வொன்றுக்கும், சின்ன அளவில், எளிதாகத் திறக்கும் முறையில் ஒரு நகல் செய்துகொள்வது. பிரீமியர், டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. இரவு படுக்கும் முன் வேலையைக் கொடுத்துவிட்டால் காலையில் தயார். எடிட்டிங் முழுக்க அந்த நகலில் நடக்கும். கடைசியில் வெளியே எடுக்கும்போது மென்பொருள் தானாக அசலுக்கு மாறிக்கொள்ளும். நிறம் திருத்தும் நேரத்தில் மட்டும் நகலை அணைத்துவிட்டு அசலைப் பார்க்க வேண்டும்.

இது ஏழைகளின் குறுக்குவழி என்று சிலர் நினைப்பதுண்டு. சினிமாவே இப்படித்தான் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஆவிட் முறையில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம் என்று 1994-ல் வந்த 'மகாநதி'யைச் சொல்வார்கள். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குகளில் ஒரு முழுப் படத்தின் காட்சிகளை நல்ல தரத்தில் வைக்க இடமே கிடையாது. மங்கலான நகலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதில் வெட்டி முடிவு செய்து, ஃபிலிம் எண்களின் பட்டியலை எடுத்து, அதன்படி நெகட்டிவை வெட்டுவார்கள். எடிட்டர் முடிவெடுத்ததெல்லாம் மங்கல் படத்தில். தியேட்டரில் ஓடியது அசல்.

நகலில் வேலை ஓட ஆரம்பித்த பிறகு, பதற்றம் போய் மாமனார் மீதி ஸ்டேஷன்களையும் அளந்தார். அவர் அதை ரசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக டீக்கடை, ரேஷன் கடை, பேத்தியின் பள்ளி வேன் என்று மட்டும் ஓடிய நாட்களில் நோட்டும் பேனாவும் திரும்பி வந்திருந்தன.

அளந்ததில் சில விஷயங்கள் வெளியே வந்தன. ஒரு கல்யாணத்துக்கு 300 ஜி.பி. வரும். ஸ்டுடியோ டிஸ்க்கிலிருந்து காப்பி எடுக்க இரண்டரை மணி நேரம் ஆகிறது. கேபிளை முன்பக்கத்துத் துளையில் செருகிக்கொண்டிருந்தார் மருமகள், கைக்கு எட்டுவது அதுதான் என்பதால். அந்த கேபினட்டில் முன்பக்கம் பழைய யு.எஸ்.பி. 2.0. பின்பக்கத்தில் நீல நிறத்தில் 3.0 இருந்தது. மாற்றிச் செருகியதும் முக்கால் மணி நேரம். பணம் கொடுத்து வாங்கும் எந்தப் பாகமும் ஒரே நாளில் இவ்வளவு வித்தியாசம் காட்டாது.

ரேம் 8 ஜி.பி. இருந்தது. எடிட்டிங் மென்பொருளோடு பிரவுசரில் பாட்டுத் தேடும் பக்கங்களும் திறந்திருக்கும்போது அது 95 சதவீதத்தில் நின்றது. அது நிறைந்ததும் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கை ரேம் மாதிரிப் பயன்படுத்தத் தொடங்கும். அங்கே எல்லாம் நொண்டும். எடிட்டிங்குக்கு 16 என்பது குறைந்தபட்சம், 4கே என்றால் 32.

முடிந்த வீடியோவை வெளியே எடுக்கும் வேலை, அதாவது எக்ஸ்போர்ட், நான்கு மணி நேரம் ஓடியது. பெரிய கார்டு போட்டால் அது இரண்டு மணி நேரமாகலாம். "அது எப்ப ஓடுது?" என்று கேட்டார் மாமனார். "ராத்திரி, எல்லாரும் தூங்குறப்ப." அந்தக் கட்டத்தில் அவர் எதுவும் எழுதவில்லை. மெஷின் காத்திருப்பதற்குக் கூலி கிடையாது. ஆள் காத்திருப்பதற்குத்தான் உண்டு. காலையில் எழுந்திருக்கும்போது முடிந்திருந்தால் சரி, நள்ளிரவில் முடிந்ததா விடியலில் முடிந்ததா என்பதில் என்ன இருக்கிறது?

ஆனி மாதக் கடைசியில் வாங்கினார்கள். 'எஃப்' இல்லாத 13-ஆம் தலைமுறை ஐ5 பிராசஸர், அதற்கேற்ற போர்டு, 32 ஜி.பி. ரேம், மென்பொருளுக்கும் நடப்பு வேலைக்கும் ஒரு டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. கேபினட், மானிட்டர், பழைய கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் அப்படியே. ஐம்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. வளையல் கையிலேயே இருந்தது.

மாட்டிய அன்று ஒன்றும் மாறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே நாதஸ்வரம், அதே உப்பல். மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. தனிக் கார்டு மாட்டியிருந்தால் சில போர்டுகள் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸ் அமைப்பில் போய் அதை இயக்க வேண்டும். பிறகு பிரீமியரின் 'மீடியா' அமைப்புகளில் இன்டெல் டீகோடிங் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பார்க்க வேண்டும். இரண்டும் செய்ததும் டாஸ்க் மேனேஜரில் 'வீடியோ டீகோட்' என்ற கோடு முதல்முறையாக மேலே எழுந்தது. மாமனார் எழுதினார்: பிராசஸர் 30. படம் நகல் இல்லாமலே ஓடியது.

மேக் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆப்பிளின் எம்1 முதலான சிப்புகள் இந்த வகைக் கோப்புகளைச் சுலபமாகத் திறக்கும், மின்சாரமும் குறைவாகக் குடிக்கும். புதிதாக எல்லாமே வாங்கப் போகிறவருக்கு மேக் மினி நல்ல தேர்வு. ஆனால், அதில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும் அன்றே சரியான அளவில் வாங்கியாக வேண்டும். கையில் மானிட்டரும் கேபினட்டும் இருக்கிற, பாதி மட்டும் மாற்றினால் போதும் என்கிற வீட்டுக்கு விண்டோஸ் கணக்கு ஒத்துவந்தது.

லேப்டாப் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. கத்திரி வெயிலில் மாடி அறையில் மூன்று மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், மெல்லிய லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேபினட்டும் வெயிலுக்குத் தப்பாது. ஜி.எஸ்.டி. சாலைத் தூசி ஃபேனில் கம்பளம் மாதிரி படிந்திருந்ததை, மாதம் ஒருமுறை புளோயரால் ஊதுவது மாமனார் வேலை. இன்வெர்ட்டரில் 'யு.பி.எஸ். மோட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது மறுபக்கம் இருந்தால், கரன்ட் போய் வரும் அந்தக் கண் சிமிட்டலில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அதைத் தள்ளிவிடுவதற்கும் காசில்லை.

மென்பொருளில் 'கிராக்' மட்டும் வேண்டாம் என்பதில் மருமகள் பிடிவாதம். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் இருக்கும் கம்ப்யூட்டரில், எங்கிருந்தோ வந்த கோப்பை யார் நம்பி ஓடவிடுவது? மாதச் சந்தாவில் பிரீமியர் வைத்திருக்கிறார். ஞாயிறுகளில் டாவின்சி ரிசால்வ் பழகுகிறார். அதன் இலவசப் பதிப்பே 4கே வரை வெளியே எடுக்கும். இருட்டு மண்டபத்துப் புள்ளிகளை நீக்கும் வசதியும், 10-பிட் எச்.265-ஐ முழு வேகத்தில் கையாள்வதும் கட்டணப் பதிப்பில். அது 295 டாலர், ஒரே ஒரு முறை.

பிரீமியரில் தமிழ் டைட்டில் போடும்போது 'கொ' என்பதன் கொம்பு ஓடிப்போய் வேறெங்கோ நிற்கிறது என்று புலம்புபவர்களுக்கு ஒரு வரி. அமைப்புகளில் 'கிராஃபிக்ஸ்' பகுதியில் எழுத்து முறையைத் 'தெற்காசிய, மத்திய கிழக்கு' என்று மாற்றினால் சரியாகிவிடும். மாப்பிள்ளை பெயர் கோகுலகிருஷ்ணன் என்று வரும் வாரத்தில் இதன் அருமை தெரியும்.

மிச்சமான பணத்தில் ஒரு பகுதி வேறொன்றுக்குப் போனது. அதற்கு ஒரு போன் காரணம்.

ஆவணி சீசன் நடுவில் ஒரு பெண் அழைத்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். முந்தைய வருடம் கல்யாணம் ஆனவர். ஸ்டுடியோவில் எண் வாங்கியிருக்கிறார். அவருடைய அப்பா தவறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. "வீடியோல அப்பா நிறைய இடத்துல வர்றாருங்க. ஆனா அவர் குரல் எங்கயுமே இல்ல. எல்லா இடத்துலயும் பாட்டுதான் ஓடுது. நீங்க எடுத்ததுல அப்பா குரல் இருக்குமா?"

கல்யாண வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். கெட்டிமேளம் தவிர முழுக்கச் சினிமாப் பாட்டுதான். கேமராவில் பதிந்த நிஜச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் எல்லாரும் வேலை செய்வார்கள். ஸ்டுடியோவில் மெமரி கார்டை அழித்து எப்போதோ வேறு கல்யாணம் எடுத்தாயிற்று. முடிந்த வீடியோ மட்டும்தான் மிச்சம்.

மருமகளிடம் பழைய டிஸ்க் ஒன்று இருந்தது. வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டியது, இடம் இருந்ததால் அழிக்காமல் கிடந்தது. இரண்டு நாள் தேடினார். பந்தி நடக்கும் ஒரு ஷாட். கேமரா இலைகளின் மீது நகர்கிறது. ஓரத்திலிருந்து ஒரு குரல், ஆளைப் பார்க்க முடியவில்லை: "தம்பி, நீங்களும் சாப்பிட்டுட்டு எடுங்க. கேமரா எங்கயும் ஓடிடாது." ஏழு நொடி. பிறகு ஒரு சிரிப்பு.

அனுப்பிய பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து அன்று பதில் வரவில்லை. மறுநாள் காலையில் ஒரு வரி வந்தது: "அம்மா கேட்டுட்டே இருக்காங்க."

அந்த டிஸ்க் அன்று கீழே விழுந்திருந்தால்? ஹார்ட் டிஸ்க் மேசையிலிருந்து விழ ஒரு குழந்தையின் கை போதும், வீட்டில் குழந்தை இருக்கிறது. பிராசஸர் போனால் வேறு வாங்கலாம். தாலி கட்டியதை மறுபடி கட்டச் சொல்லிப் படமெடுக்க முடியாது. புகைப்படக்காரர்களிடையே பழைய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்பது முக்கியம். ஒரே மேசையில் மூன்று டிஸ்க் வைத்திருந்தால், டிசம்பர் வெள்ளத்தில் மூன்றும் சேர்ந்தே நனையும்.

இப்போது ஏற்பாடு இப்படி. வேலை நடக்கும்போது கோப்புகள் எஸ்.எஸ்.டி.யில். வந்த அன்றே ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வெளியே போகும் டிஸ்க்கில். அலமாரியில் வருடக்கணக்கில் வைக்க ஹார்ட் டிஸ்க்தான். எஸ்.எஸ்.டி.யை மின்சாரமே கொடுக்காமல் நெடுநாள் வைத்தால் அதில் உள்ளது மங்கிவிடக்கூடும். காப்பி எடுத்ததும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று மாமனார் சரிபார்த்து டிக் போடுவார். டிக் விழாமல் ஸ்டுடியோ டிஸ்க் ரயிலேறாது. ஒரு வருடம் அசல் கோப்புகளை வைத்திருக்க ஸ்டுடியோக்களிடம் சின்னத் தொகை ஒன்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறார் மருமகள். மூன்றில் இரண்டு ஒப்புக்கொண்டன.

வெளியே போகும் டிஸ்க் மருமகளின் அம்மா வீட்டுக்குப் போகிறது, மதுராந்தகத்துக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு மாமனாரே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். டிஸ்க்கை ஒரு பழைய துண்டில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து எடுத்துப் போவார். "சம்பந்தி, இந்த மாசம் எத்தனை கல்யாணம் கொண்டாந்திருக்கீங்க?" என்று அந்த வீட்டில் கேட்பார்கள்.

நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது இரண்டு வரிகள். ஒன்று: தை முகூர்த்தம், நான்கு கேமரா என்கிறார்கள், மறுபடி அளக்க வேண்டும். அதன் கீழே: டிஸ்க் 7, மதுராந்தகம், பீரோ மேல்தட்டு, பட்டுப் புடவைக்கு அடியில்.